மூலமா, மலக்குடல் புற்றா?

"மூலம்தான் தம்பி, உடம்புச் சூடு." மலத்தில் ரத்தம் வந்தால் சிம்பாங் ரெங்கம் பெரியவர்கள் வானொலி அறிவிப்பாளரான என்னிடம் சொல்வது இதுதான். உள்ளே இருக்கும் பயம் வேறு: வயிற்றில் பை வைத்துவிடுவார்களோ!

பயத்துக்குக் காரணம் உண்டு. 1908-இல் லண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் விவரித்த அறுவைச் சிகிச்சையில் மலக்குடலோடு ஆசனவாயும் போய்விடும். பை ஆயுள் முழுக்க. 1982-இல் இங்கிலாந்தின் பில் ஹீல்ட், மலக்குடலைச் சுற்றிய கொழுப்பை உறை கிழியாமல் முழுதாக எடுக்கும் முறையை எழுதினார். புற்று அதே இடத்தில் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. பலருக்கு ஆசனவாயும் தப்பியது.

இங்கும் இன்று அதுதான் வழக்கம். ஆனால் நம்மவர்களில் பெரும்பாலோர் 3, 4-ஆம் கட்டத்தில்தான் வருகிறார்கள். 50 வயதைத் தாண்டியவர்கள் அரசாங்கக் கிளினிக்கில் மல மாதிரி கொடுத்தால் மறைந்திருக்கும் ரத்தம் தெரிந்துவிடும். கண்ணுக்கே தெரிந்தால், வயது பார்க்காமல் டாக்டரிடம் போங்கள்.