பிளவுகளால் குவியும் டெராஹெர்ட்ஸ் ஒளி

மைக்ரோ அலைக்கும் அகச்சிவப்புக்கும் நடுவே இருப்பவை டெராஹெர்ட்ஸ் அலைகள். தாள், துணி, பிளாஸ்டிக் எல்லாவற்றையும் ஊடுருவிவிடும். தண்ணீரிடமோ தோற்றுப்போகும். இவற்றை உமிழும் குறைக்கடத்தி லேசரான குவாண்டம் கேஸ்கேட் லேசரை 2002இல் பீசா, கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 4.4 டெராஹெர்ட்ஸில் இயக்கிக் காட்டினர். காலியம் ஆர்சனைடு அடுக்குகளில் எலெக்ட்ரான் படிப்படியாக இறங்க, படிக்குப் படி ஒளி பிறக்கிறது.

குறை இந்த லேசரில் ஒளி வெளிவரும் வாயில் இருக்கிறது. ஒளி வீணாகாமல் உள்ளே தங்குவதற்காக அடுக்குகளை மேலும் கீழும் உலோகத்தால் மூடுகிறார்கள். இரு உலோகங்களுக்கும் இடைவெளி ஏறத்தாழ 10 மைக்ரான். 3.3 டெராஹெர்ட்ஸ் ஒளியின் அலைநீளமோ 91 மைக்ரான். தன் அலைநீளத்தைவிடக் குறுகிய வாயிலிருந்து வெளிவரும் அலை விசிறிப் பரவத்தான் செய்யும். லேசர் என்று பெயர், வெளிச்சம் என்னவோ குண்டு பல்பு மாதிரி!

வாய் அகலமானால் கற்றை ஒடுங்கும். ரேடியோக்காரர்களுக்கு இது பழைய பாடம். உதகை அருகே முத்தோரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அதன் குவியக் கோட்டில் 1,056 இருமுனை ஆன்டெனாக்கள் வரிசையாக நிற்கின்றன. அவை பெறும் அலைகளைக் கட்டம் பொருத்திக் கூட்டும்போது, வடக்கு தெற்காக ஒரு பாகையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குப் பார்வை குறுகுகிறது. அங்கே அலைநீளம் 92 சென்டிமீட்டர். லேசரில் அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அளவுதான் வேறு, விதி ஒன்றே.

லேசரில் ஆன்டெனா வேலையைச் செய்பவை மேல் உலோகத்தில் வெட்டிய பிளவுகள். 2009இல் சூரிச்சின் ஈடிஹெச் குழு இவ்வழியில் கற்றையைக் கணிசமாக ஒடுக்கியது. ஆனால் அங்கே குறைக்கடத்தியின் ஒளிவிலகல் எண்ணைக் குறிப்பிட்ட மதிப்புக்குக் கொண்டுவந்தாக வேண்டும். அமெரிக்காவின் லீஹை பல்கலைக்கழகத்தில் சுஷில் குமார் குழு 2016இல் வெளியிட்ட முறைக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இந்த முறையில் பிளவுகளுக்கு இடையே சுமார் 20 மைக்ரான் தூரம் விடுகிறார்கள். குறைக்கடத்தியின் ஒளிவிலகல் எண்ணான 3.6உடன் ஒன்றைக் கூட்டி, அந்தத் தொகையால் காற்றில் உள்ள அலைநீளத்தை வகுத்தால் வருவது இந்தத் தூரம். அப்போது உள்ளே ஓடும் அலையும், பிளவு வழியே கசிந்து உலோகத்தின் மேற்பரப்பை ஒட்டி எதிர்த்திசையில் ஓடும் அலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. வெளியலை காற்றில் நெடுந்தூரம் பரந்து நிற்பதால் குறுகிய வாயும் அகன்றது போலாகிவிடுகிறது. கற்றையின் விரிவு இரு திசையிலும் 4 பாகையாகச் சுருங்கியது. அதுவரை இந்த வகை லேசரில் காணாத ஒடுக்கம்.

கற்றை ஒழுங்காக இருந்தால்தான் வானியல் கருவிகளுக்கு இந்த லேசர் பயன்படும். விண்மீன்களிடை ஆக்சிஜனை 4.7 டெராஹெர்ட்ஸில் தேடிய சோஃபியா விமானத் தொலைநோக்கியில், ஒப்பீட்டு அலையைத் தந்தது குவாண்டம் கேஸ்கேட் லேசரே. சிறு உணரியின்மேல் அந்த அலை குறிதவறாமல் விழ வேண்டும்.

இந்த லேசர் இயங்க அதைக் குளிரூட்ட வேண்டும்; அந்தத் தொல்லை மட்டும் தனிக்கதை. 2020இல் எம்ஐடி, வாட்டர்லூ குழு லேசரை இயக்கிக் காட்டிய உச்ச வெப்பநிலையே மைனஸ் 23 டிகிரி செல்சியஸ்தான்.