எல்லாம் இருக்கிறது என்னும் பெற்றோருக்கு எதைத் தருவது?

கிறிஸ்துமஸ் பரிசு வழக்கம் இன்று காணப்படும் வடிவத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெற்றது. அதற்கு முன்பு செல்வர் வீட்டு வாசலில் எளியவர்கள் உணவும் பானமும் உரிமையோடு கேட்டு வாங்கும் தெருவிழாவாக இருந்த அந்நாள், நகர்ப்புற நடுத்தரக் குடும்பங்களின் வீட்டுக்குள் நுழைந்தபோது, கொடுப்பவர் பெற்றோர், பெறுபவர் குழந்தைகள் என்று அதன் திசையும் மாறியது. ஆகவே வளர்ந்து ஆளான பிள்ளை தன் தாய்க்கோ தந்தைக்கோ பரிசு தேடுவது, அவ்வழக்கத்தின் இயல்பான ஓட்டத்துக்கு எதிராகச் செய்யப்படும் செயலாகவே அமைகிறது. நண்பருக்கும் குழந்தைக்கும் எளிதில் பொருள் தேர்ந்துவிடுபவர்கள்கூட, "எனக்கு ஒன்றும் வேண்டாம், எல்லாம் இருக்கிறது" என்று சொல்லும் தந்தைக்கு எதை வாங்குவது என்று புரியாமல் டிசம்பர் மூன்றாம் வாரம் வரை தள்ளிப்போட்டு, கடைசியில் ஒரு கழுத்துப்பட்டையோடோ காலுறையோடோ வீடு திரும்புவதற்கு இதுவே முதற்காரணம்.

இந்தத் திசையை எண்ணிக்கையோடு காட்டியவர் சமூகவியலாளர் தியோடர் காப்லோ. இண்டியானா மாநிலத்தின் மன்சி நகரத்தை, ராபர்ட் லிண்டும் ஹெலன் லிண்டும் 'மிடில்டவுன்' என்னும் புனைபெயரில் ஆராய்ந்து 1929இல் ஒரு நூலை வெளியிட்டிருந்தனர். அதே நகரத்துக்கு அரை நூற்றாண்டுக்குப் பின் சென்ற காப்லோவின் குழுவினர், 1978ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது கொடுத்ததையும் பெற்றதையும் பற்றி 110 பேரிடம் கேட்டு, 4,347 பரிசுகளைப் பட்டியலிட்டனர். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் சென்ற பரிசுகள் எண்ணிக்கையிலும் விலையிலும் கூடுதலாக இருந்தன. பிள்ளைகள் வளர்ந்து சம்பாதிக்கத் தொடங்கிய பின்பும் இந்தச் சாய்வு நேராகவில்லை. அதை யாரும் குறையாகக் கருதவும் இல்லை.

யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே அந்நகரத்தார் கடைப்பிடித்த விதிகளையும் காப்லோ தொகுத்தார். பரிசு, பெறுபவரின் விருப்பத்தைக் கொடுப்பவர் அறிந்திருப்பதைக் காட்ட வேண்டும். அதே வேளையில் அவரை வியக்கவும் வைக்க வேண்டும். அதன் மதிப்பு உறவின் நெருக்கத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பணத்தை மூத்தவர் இளையவருக்குத் தரலாம், இளையவர் மூத்தவருக்குத் தரலாகாது. இளையவரே வசதி மிகுந்தவராக இருந்தாலும் இவ்விதி தளர்வதில்லை. வேலைக்குப் போகும் பிள்ளை முதல் சம்பளத்தைப் பெற்றோர் கையில் வைப்பதைப் பெருமையாகக் கருதும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தக் கடைசி விதி விந்தையாகத் தோன்றலாம். தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் பண்டிகைக்குப் புத்தாடை எடுத்துக் கொடுக்கும் வழக்கம் இருப்பதால், அம்மாவுக்குச் சேலை, அப்பாவுக்கு வேட்டி சட்டை என்று விடை முன்கூட்டியே அமைந்துவிட, நிறம், கரை, விலை ஆகியவை மட்டுமே எஞ்சும் கேள்விகளாகின்றன. அமெரிக்கப் பிள்ளைக்கோ அத்தகைய விடை எதுவும் இல்லை; பணமும் தரக்கூடாது, விருப்பத்தையும் அறிந்திருக்க வேண்டும், வியப்பும் தர வேண்டும் என்னும் மூன்று நிபந்தனைகளுக்கிடையில், தனக்குத் தேவையானதைத் தானே வாங்கிக்கொள்ளும் வசதி படைத்த ஒருவருக்காக அவர் கடை ஏறுகிறார்.

பொருளியல் இதை இழப்புக் கணக்காகப் பார்க்கிறது. ஜோயல் வால்ட்ஃபோகல் 1993இல் வெளியிட்ட கட்டுரை, கிறிஸ்துமஸ் பரிசின் விலையையும், அன்பு சார்ந்த மதிப்பை ஒதுக்கிவிட்டு அப்பொருளுக்காகப் பெற்றவர் தானே எவ்வளவு கொடுத்திருப்பார் என்பதையும் மாணவர்களிடம் கேட்டு ஒப்பிட்டது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு யாருக்கும் பயன்படாமல் அழிந்துபோகும் மதிப்பு என்றும், அது பரிசு விலையில் பத்தில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை இருக்கும் என்றும் அவர் கணித்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் சாரா சோல்னிக்கும் டேவிட் ஹெமன்வேயும் வேறொரு கணக்கெடுப்பை நடத்தி, பெறுபவர்கள் பரிசுகளை விலையைவிடக் கூடுதலாகவே மதிக்கின்றனர் என்று மறுத்தனர். எப்பக்கம் சாய்ந்தாலும், வால்ட்ஃபோகலின் தரவில் உள்ள ஒரு செய்தி கவனத்துக்குரியது: நண்பர், காதலர் போன்ற அன்றாடத் தொடர்புள்ளவர்களின் பரிசுகளில் இழப்பு குறைவு, தாத்தா பாட்டி, மாமா அத்தை போன்று வயதாலும் வாழ்முறையாலும் தொலைவில் இருப்பவர்களின் பரிசுகளில் இழப்பு அதிகம். பிள்ளை பெற்றோருக்கு வாங்கும்போதும் அதே தொலைவு, திசை மாறி, குறுக்கே நிற்கிறது என்று கொள்வதில் தவறில்லை. வேறு ஊரில் வாழும் மகனுக்குத் தெரிந்த தந்தை, பெரும்பாலும் அவன் வீட்டைவிட்டுப் போன ஆண்டில் இருந்த தந்தைதான்.

தவறு நிகழும் இடத்தை உளவியலாளர்கள் இன்னும் துல்லியமாகக் காட்டியிருக்கின்றனர். ஜெஃப் கலக், ஜூலியன் கிவி, எலநோர் வில்லியம்ஸ் ஆகியோர் 2016இல் எழுதிய கட்டுரையின்படி, கொடுப்பவரின் மனம் உறை பிரிக்கப்படும் அந்தச் சில நொடிகளில் பெறுபவரின் முகம் எப்படி மாறும் என்பதில் குவிகிறது. பெறுபவரின் மனமோ அப்பொருளை வைத்துக்கொண்டு கழிக்கப்போகும் மாதங்களையும் ஆண்டுகளையும் எண்ணுகிறது. இதன் விளைவாக, பார்த்தவுடன் பளிச்சென்று தெரிவதும் பயன்படுத்தக் கடினமானதுமான பொருள்களைக் கொடுப்பவர் தேர்கிறார். விலையைப் பற்றியும் இதே பிறழ்ச்சி உண்டு: பரிசின் விலை கூடக்கூட நன்றியுணர்வும் கூடும் என்று கொடுப்பவர்கள் நம்ப, பெறுபவர்களிடம் அத்தகைய தொடர்பு எதுவும் காணப்படவில்லை என்று கேப்ரியல் ஆடம்ஸும் ஃபிரான்சிஸ் ஃபிளின்னும் 2009இல் காட்டினர்.

வயதும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் லாரா கார்ஸ்டென்சன், தமக்கு எஞ்சியிருக்கும் காலம் சுருங்குவதாக உணர்பவர்கள் புதியதைத் தேடுவதைக் குறைத்துக்கொண்டு, உணர்வுக்கு நெருக்கமான சிலரிடம் தம் நேரத்தைச் செலவிட விரும்புகின்றனர் என்னும் கோட்பாட்டை வகுத்தவர். ஓய்வாகக் கிடைக்கும் அரைமணி நேரத்தைக் குடும்பத்தில் ஒருவரோடு கழிப்பதா, அண்மையில் படித்த நூலின் ஆசிரியரோடா, ஒத்த இயல்புள்ள புதிய அறிமுகத்தோடா என்று கேட்டபோது, முதியோர் பெரும்பாலும் குடும்பத்தாரையே தேர்ந்தனர். இளையோரிடம் அப்படி ஒரு சாய்வு இல்லை; ஆனால் தனியாக நெடுந்தொலைவு இடம்பெயரப் போவதாக எண்ணிக்கொள்ளச் சொன்னதும் அவர்களும் முதியோரைப் போலவே விடையளித்தனர். புதுமை என்பதே ஒரு பரிசின் சிறப்பு என்னும் விளம்பரத் தர்க்கம் எழுபது வயதினரிடம் பலிக்காததன் காரணம் இங்கே இருக்கிறது. அவ்வயதில் பலர் வீட்டுப் பொருள்களைக் குறைக்கவும் தொடங்கியிருப்பர். தம் மறைவுக்குப் பின் பிள்ளைகளுக்குச் சுமையாகாதபடி உடைமைகளைத் தாமே கழித்துவிடும் சுவீடன் நாட்டுப் பழக்கத்தைப் பற்றி மார்கரெட்டா மாக்னுசன் 2017இல் எழுதிய நூல் பல நாடுகளில் படிக்கப்பட்டது. அலமாரியை ஒழித்துக்கொண்டிருப்பவரின் கையில் இன்னொரு பீங்கான் சிலையைக் கொடுப்பது அவருக்கு வேலை கொடுப்பதேயாகும்.

இவற்றிலிருந்து பெறப்படும் முதல் முடிவு, வியப்பூட்ட வேண்டும் என்னும் விதியைப் பெற்றோர் விஷயத்தில் கைவிடலாம் என்பது. கேட்டு வாங்குவது அன்பின் குறைவன்று. ஆனால் "என்ன வேண்டும்?" என்று பொதுவாகக் கேட்டால் "ஒன்றும் வேண்டாம்" என்னும் விடைதான் வரும், "சமையலறையில் எது மக்கர் செய்கிறது?", "எந்த வேலையை இந்த ஆண்டு வேறொருவர் செய்தால் நன்றாக இருக்கும்?" என்று குறிப்பாகக் கேட்டால் மழுங்கிப்போன கத்தியும், வெளிச்சம் போதாத படிப்பு விளக்கும், மழைநீர்க் குழாயில் அடைத்த இலைகளும் வெளிப்படும். ஏற்கெனவே அன்றாடம் பயன்படும் பொருளின் சற்று உயர்ந்த வகை, இல்லாத பொருளைவிடப் பெரும்பாலும் நல்ல பரிசு.

தின்று தீரும் பொருளுக்கு அலமாரியில் இடம் தேவையில்லை. ஆரெகன் மாநிலத்தில் பேரிக்காய்த் தோட்டம் வைத்திருந்த ஹாரி, டேவிட் என்னும் சகோதரர்கள், பொருளாதார மந்தத்தில் உயர்தர விடுதிகளின் கொள்முதல் சரிந்தபோது, 1934இல் பழங்களைப் பெட்டியில் அடுக்கி அஞ்சல்வழிப் பரிசாக விற்கத் தொடங்கினர். அந்த வணிகம் இன்றும் நடப்பதற்கு, எல்லாம் வைத்திருப்பவருக்கும் நல்ல பழம் மறுபடி தேவைப்படும் என்னும் எளிய உண்மையே காரணம். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவருக்கு இனிப்புப் பெட்டி அனுப்பக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

பொருளுக்குப் பதில் அனுபவத்தைத் தருவது பற்றி இன்று அதிகம் பேசப்படுகிறது. அனுபவப் பரிசு இருவருக்கிடையிலான உறவைப் பொருளைவிட வலுப்படுத்துகிறது என்று சிண்டி சானும் காசி மோகில்னரும் 2017இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. ஆனால் வெப்பக்காற்றுப் பலூன் பயணத்துக்குச் சீட்டு வாங்குவதற்கு முன், அமித் பட்டாச்சார்ஜியுடன் சேர்ந்து மோகில்னரே 2014இல் கண்டதையும் நினைவில் கொள்ள வேண்டும்: வயது ஏறஏற, அரிய அனுபவங்களுக்கு நிகராகச் சாதாரண அனுபவங்களும் மகிழ்ச்சி தருகின்றன. பிள்ளையும் உடன்வரும் ஒரு பகல் உணவு போதும். வேறு சிலவற்றை வாங்கித் தரவே முடியாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களுக்கு 62 வயது நிரம்பியோர் பெறும் வாழ்நாள் அனுமதி அட்டை 2017 முதல் 80 டாலர், ஆயினும் வயதை உரியவரே சான்றோடு காட்ட வேண்டியிருப்பதால் பிள்ளை அதை வாங்கி உறையிட்டுக் கொடுக்க இயலாது. அவரை அழைத்துக்கொண்டு பூங்காவுக்கே போவதுதான் வழி, அதுவே மேலும் நல்லது.

குளியலறைக் கைப்பிடி, எடைக் கருவி, பெரிய பொத்தான் தொலைபேசி முதலியவை தனி எச்சரிக்கைக்குரியவை. அமெரிக்காவில் 65 வயதைக் கடந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆண்டுதோறும் ஒருமுறையேனும் விழுகிறார் என்பதால் கைப்பிடி தேவையற்றதாகாது. ஆனால் பேரப்பிள்ளைகள் சூழ்ந்திருக்க, கிறிஸ்துமஸ் மரத்தடியில் அவர் உறை பிரித்து எடுப்பது "உனக்கு வயதாகிவிட்டது" என்னும் அறிவிப்பாகக் கூடாது. அதைச் சாதாரண நாளில், வீட்டுப் பழுதுபார்ப்போடு சேர்த்துச் செய்துவிடலாம். புதிய கைப்பேசியைத் தருபவர், அதன் கடவுச்சொற்களை அமைத்து, பழைய எண்களை மாற்றி, அருகில் அமர்ந்து பழக்கும் நேரத்தையும் பரிசின் பகுதியாகக் கணக்கிட வேண்டும்.

பிள்ளையால் மட்டுமே தரக்கூடியதும் கடையில் கிடைக்காததுமான பரிசு, பெற்றோரின் வாழ்க்கையைப் பதிவு செய்தல். டேவ் ஐசே 2003இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் ஒரு சிறு ஒலிப்பதிவு அறையை அமைத்துத் தொடங்கிய ஸ்டோரிகார்ப்ஸ் அமைப்பில், நெருங்கிய இருவர் சுமார் 40 நிமிடம் ஒருவரையொருவர் கேள்வி கேட்டு உரையாடுகின்றனர். அப்பதிவுகள் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் காக்கப்படுகின்றன. பண்டிகைக் காலக் கடைப் பரபரப்புக்கு மாற்றாக, வீட்டிலிருப்பவரிடம் கேட்டுப் பதிவு செய்யும் நாள் ஒன்றையும் அவ்வமைப்பு 2008இல் அறிவித்தது. கைப்பேசியும், முன்னரே எழுதிவைத்த பத்துக் கேள்விகளும் இருந்தால் எந்த வீட்டிலும் இதைச் செய்யலாம்.

பரணில் கிடக்கும் பழைய பதிவுகளை எண்ணிம வடிவுக்கு மாற்றித் தருவதும் இவ்வகையே. கோடக் நிறுவனம் 1965இல் கொண்டுவந்த சூப்பர் 8 படச்சுருள்களும், எண்பதுகளின் வி.ஹெச்.எஸ் நாடாக்களும் பல குடும்பங்களில் திருமணத்தையும் மறைந்த தாத்தா பாட்டியின் அசைவையும் அடக்கிக்கொண்டு கிடக்கின்றன. நாடாவின் காந்தப் பூச்சு காலப்போக்கில் சிதைகிறது. அவ்வகை நாடாக்களை இயக்கும் கருவியைக் கடைசிவரை தயாரித்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016இல் நிறுத்திவிட்டது. அத்தகைய நாடா வீட்டில் இருப்பவர்கள் பரிசை யோசிப்பதை விட்டுவிட்டு, நவம்பருக்குள் அதைப் படிமாற்றுக் கடைக்கு எடுத்துச் செல்வது நல்லது. டிசம்பரில் அங்கே வேலை குவிந்துவிடும்.