பூந்தமல்லி ஹை ரோட்டின் மறுமுனை

நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடிக்கு வந்து பஸ் ஏறினால், பூந்தமல்லி ஹை ரோடு நேரே சென்ட்ரலில் கொண்டுபோய் விடும். ஏரியும் வயலுமாகக் கிடந்த நூம்பல் பக்கம் இன்று மனைப்பிரிவும் அடுக்குமாடியுமாக மாறிவிட்டதைப் பேசாதவர் இல்லை. அதே சாலையின் மறுமுனையில் நடந்த மாற்றத்தைத்தான் யாரும் பேசுவதில்லை. ஜி.ஹெச்.சுக்குப் பின்புறம், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜின் புதுக் கட்டடம் எழுந்திருக்கும் இடத்தில் முன்பு மத்திய சிறை இருந்தது. 1943 செப்டம்பர் 10 அன்று அங்கே தூக்கிலிடப்பட்டவர்களில் ஒருவர் வக்கம் அப்துல் காதர். அப்போது அவருக்கு வயது 26.

திருவிதாங்கூரில் வக்கம் என்ற கிராமம். அப்பா ஆற்றுத்துறையில் தோணி தள்ளியவர். 1938-இல் பிழைப்புக்காக மலாயா போன காதருக்குப் பொதுப்பணித் துறையில் வேலை கிடைத்தது. தஞ்சாவூர், ராமநாதபுரம் பக்கத்து ஏழைகள் ரப்பர் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போன அதே மலாயாதான். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. அதற்குப் பிறகு பினாங்கில் தொடங்கிய சுயராஜ்யப் பயிற்சி நிலையத்தில் காதர் சேர்ந்தார். ஊருக்குள் ரகசியமாகத் திரும்பி வெள்ளையனுக்கு எதிராக வேலை செய்வதற்கான பயிற்சி அங்கே தரப்பட்டது.

செப்டம்பரில் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று காதரையும் தோழர்களையும் மலபார் கடலோரம் இறக்கிவிட்டது. தானூரில் கரையேறியவர்கள் வீடு போய்ச் சேரவில்லை. போலீசிடம் சிக்கினார்கள். நான்கு வருஷம் கழித்துத் தாய்மண்ணில் காலை வைத்த பிள்ளைக்குக் கிடைத்தது விலங்குதான். பினாங்கு நிலையத்தை நடத்திய என். ராகவனுக்கே தெரியாமல் ஜப்பானியர் பையன்களைக் கப்பலேற்றியிருந்தார்கள். அதை எதிர்த்து ராகவன் நிலையத்தையே மூடினார். ஜப்பானியர் அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். நாட்டுக்காக உயிரைக் கொடுக்க வந்தவர்களை ஒரு பேரரசு கருவியாக்கியது, இன்னொன்று கொன்றது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அன்றைய மெட்ராஸ் பயத்தில் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதி ஊர் மூட்டை முடிச்சோடு கிராமங்களுக்கு ஓடியது. அந்தப் பயம் அடங்காத காலத்தில், எதிரி உளவாளிகள் அவசரச் சட்டத்தின் கீழ் வழக்கு நடந்தது. காதர், அனந்தன், சத்யேந்திர சந்திர பர்தன், ஃபௌஜா சிங் ஆகிய நால்வரும் தூக்குமேடை ஏறினார்கள். மலையாளி முஸ்லிம், மலையாளி இந்து, வங்காளி, சீக்கியர். முந்தின இரவு காதர் தன் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்.

அந்தச் சிறைக்குள் 1932-இல் சுபாஷ் சந்திர போஸும் அடைபட்டிருந்தார். 2006-இல் கைதிகளைப் புழலுக்கு மாற்றினார்கள். 2009-இல் இடிப்பதற்கு முன் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டபோது ஜனம் வரிசைகட்டி வந்து பார்த்தது. பிறகு மதிலும் கொட்டடியும் மண்ணாயின. இன்று அங்கே ஸ்டெதஸ்கோப்பை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வகுப்புக்கு ஓடுகிறார்கள். தூக்குமேடை இருந்த வளாகத்தில் வைத்தியம் படிக்கிறார்கள் என்றால் அதைவிட நல்ல மாற்றம் வேண்டுமா? கட்டடம் போனதில் எனக்கு வருத்தமில்லை. பெயர்களும் கூடவே போவதுதான் பொறுக்கவில்லை.

பூந்தமல்லியிலிருந்து மவுண்ட் போகும் சாலையில், நந்தம்பாக்கத்தில், போர்க் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. 1952-இல் அமைத்தது. இரண்டாம் உலகப் போரில் அரசரின் படையில் இருந்து இறந்த 800-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தனித்தனிக் கல், ஒவ்வொன்றிலும் பெயர். புல்லை வெட்டி, பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றி, காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இன்றுவரை பராமரிக்கிறது. அவர்களும் தாய் பெற்ற பிள்ளைகள். பிறந்த மண்ணை விட்டு வந்து செத்தவர்கள். அந்தப் பராமரிப்பு சரியானதே. அதே போரில், எதிர்ப்பக்கம் நின்று செத்த நால்வருக்கும் நாம் அந்த அளவு செய்ய வேண்டாமா?

காதரின் நினைவாக 1998-இல் தபால் தலை வந்தது. அது போதாது. மருத்துவக் கல்லூரி வளாகத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நான்கு பெயர்களையும் தமிழில் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். செய்ய வேண்டியது தமிழ்நாடு அரசு. கேட்க வேண்டியவர்கள் தினமும் அந்த வழியாகப் போகும் நாம்.