இரண்டும் சாம்பல்தானே, சுவரில் ஏன் வேறாகிறது?

அமெரிக்க வீடுகளில் பரவலாகப் பூசப்படும் சாம்பல் வண்ணங்களில் இரண்டு, ஷெர்வின்-வில்லியம்ஸ் நிறுவனத்தின் அக்ரீயபிள் கிரே, ரிப்போஸ் கிரே. மாதிரி அட்டைகளைத் தனித்தனியே பார்த்தால் எது எதுவென்று சொல்வது கடினம். தன்மீது விழும் வெளிச்சத்தில் முன்னது சுமார் 60 சதவீதத்தையும் பின்னது 58 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகின்றன. உண்மையான வேறுபாடு அடிச்சாயலில் இருக்கிறது: முன்னதில் மணல் நிறம் சற்றுத் தூக்கல், பின்னது அதைவிடக் குளிர்ந்த சாம்பல்.

இந்தத் துளி வித்தியாசம் அறைக்குள் எப்படிப் பெரிதாகிறது? சுவரில் பட்ட ஒளி முழுவதும் நேராகக் கண்ணுக்கு வந்துவிடுவதில்லை. எதிர்ச்சுவர், கூரை, மறுபடி சுவர் என்று மோதி மோதி வருகிறது. ஒவ்வொரு மோதலிலும் பெயிண்ட் நீல அலைகளைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கினால், அடுத்த சுவருக்குப் போகும் ஒளியிலேயே மஞ்சள் ஏறியிருக்கும். அந்தச் சுவர் இன்னும் கொஞ்சம் நீலத்தைக் குறைக்கும். கையகல அட்டையில் இந்தப் பெருக்கம் நடக்க வழியே இல்லை. நான்கு சுவரும் பூசிய பிறகு நிறம் அழுத்தமாகத் தெரிவது அதனால்தான்.

விளக்குக்கும் பங்கு உண்டு. 2700 கெல்வின் பல்பின் கீழ் இரண்டுமே இதமாகத் தெரியும். ஆனால் அமெரிக்காவில் வடக்கு ஜன்னலில் நேர்வெயில் குறைவு, வானத்தின் நீல ஒளியே அதிகம். அந்த ஒளியில் ரிப்போஸ் கிரே லேசாக நீலம் காட்டும்.

ஆகவே அட்டையை மட்டும் நம்பாதீர்கள். பெரிய தாளில் இரண்டு கோட் அடித்து, அறை மூலையில் மடக்கி ஒட்டி, பகலிலும் இரவு விளக்கிலும் பாருங்கள். மடிப்பின் இரு பக்கமும் ஒன்றன்மேல் ஒன்று ஒளி வீசும். அடிச்சாயல் அங்கேதான் முதலில் வெளிப்படும்.