கலத்துக்குள் ஒரு செட்

"ரத்தத்தில ஓமோன் எல்லாம் அளவாத்தான் இருக்காம் அக்கா. அப்ப வலி எங்கயிருந்து வருது?"

மாதாமாதம் மூன்று நாள் சுருண்டு படுக்கிற பக்கத்து வீட்டுத் தங்கச்சி கேட்டாள். எண்டோமெட்ரியோசிஸ் என்று டொக்டர் துண்டில் எழுதியிருந்தார். இஞ்சி தட்டிப்போட்ட தேத்தண்ணியைக் கொடுத்துவிட்டு, சல்லி அம்மன் கோயில் பக்கம் மணலில் ஏற்றியிருந்த வள்ளங்களைக் காட்டினேன்.

"கரையில இருந்து கதைக்கிறது எல்லா வள்ளத்துக்கும் கேட்குமோ?"

"ரேடியோ செட் இருந்தாத்தானே கேட்கும்."

அதுதான் விஷயம். ஓமோன் இரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றும். ஆனால் ஏற்பி என்ற செட் உள்ள கலத்துக்கே அது சொல்வது விளங்கும். (உடம்பில் இருப்பதும் கலம், கடலில் போவதும் கலம். நம் பாடப்புத்தகக்காரர் நல்ல சொல்லாகத்தான் எடுத்திருக்கிறார்கள்.) 1950களின் இறுதியில் சிக்காகோவில் எல்வுட் ஜென்சன், கதிரியக்க அடையாளமிட்ட ஈஸ்திரசன் என்ற ஓமோனை எலிகளுக்கு ஏற்றிப் பார்த்தார். பெரும்பாலான இடங்களில் அது வந்து போய்விட்டது; கருப்பை போன்ற சில இடங்களில்தான் தங்கி நின்றது. பிடித்து வைக்க அங்கே ஏதோ இருக்கிறது என்று ஏற்பியின் கதை தொடங்கியது அப்படித்தான். இரண்டாவது வகை ஈஸ்திரசன் ஏற்பி, பீட்டா, 1996இல் சுவீடனில் அகப்பட்டது. அதுவும் ஆண் எலியின் புரொஸ்டேட்டில்!

கருப்பையின் உள்ளே மாதந்தோறும் தடித்து உதிர்கிற படை அகவணி. ஈஸ்திரசன், முதல் வகை ஏற்பியான அல்பா வழியாக அதை "வளர்" என்கிறது. அதே வேளையில் இன்னொரு வேலையும் பார்க்கிறது: புரோஜெஸ்தரோன் என்ற இன்னொரு ஓமோனைக் கேட்பதற்கான செட்டையும் அந்தக் கலத்தில் பூட்டிவிடுகிறது. முட்டை வெளியான பிறகு புரோஜெஸ்தரோன் வந்து "வளர்ந்தது போதும்" என்றால் அகவணி அடங்குவது அதனால்தான்.

எண்டோமெட்ரியோசிஸில் அகவணி போன்ற இழையம் சூலகத்திலோ வயிற்றறைச் சவ்விலோ ஒட்டி வளர்கிறது. அங்கே பூட்டிய செட்டுகளே வேறு. மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் சில இரசாயனக் குறிகள் மாறிப்போனதால் பீட்டா ஏற்பி பல மடங்கு கூடுகிறது. அது அல்பாவை அமுக்கிவிடும். அல்பா குறைந்தால் புரோஜெஸ்தரோன் செட்டைப் பூட்ட ஆளில்லை. "போதும்" என்ற குரல் வருகிறது, கேட்கத்தான் செட் இல்லை.

"அப்ப வளரச் சொல்றது ஆர்?"

அங்கேதான் அநியாயம். அந்த இழையம் அரோமற்றேஸ் என்ற நொதியை வைத்துத் தனக்கு வேண்டிய ஈஸ்திரசனைத் தானே செய்துகொள்கிறது. அந்த ஈஸ்திரசன் புரொஸ்டகிளாண்டினைக் கூட்டும். வலிக்கு ஒரு முக்கிய காரணம் இதுதான். புரொஸ்டகிளாண்டின் திரும்பவும் அரோமற்றேஸைத் தூண்டும். கரையை எதிர்பாராமல் வள்ளமே தன்னோடு கதைத்துக்கொண்டிருக்கிறது. இரத்தத்தை அளந்தால் இது எப்படித் தெரியும்?

இது தெரியாமல்தான் "பொம்பிளையளுக்கு இது உள்ளதுதானே" என்று வாயடைத்துவிடுகிறார்கள். சென்னையில் பிறந்து அமெரிக்காவில் பேர்பெற்ற பத்மா லட்சுமிக்கு 13 வயதில் தொடங்கிய வலிக்கு 36 வயதில்தான் நோயின் பெயர் கிடைத்தது. 2009இல் தன் மருத்துவரோடு சேர்ந்து இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். உலகில் ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

"எனக்குத் தந்த குளிசையும் புரோஜெஸ்தரோன் மாதிரித்தானாம். செட் இல்லாட்டி அது என்னத்துக்கு?"

கெட்டிக்காரி. செட் எல்லா இடத்திலும் அடியோடு போய்விடுவதில்லை; மிச்சம் இருந்தால் உரத்துச் சொல்லிக் கேட்கவைக்கலாம். அந்தக் குளிசை சூலகத்தையும் அடக்கி ஈஸ்திரசனைக் குறைக்கும். பலருக்கு அதுவே போதும். கேட்காதவர்களுக்கு, மூளையிலிருந்து சூலகத்துக்குப் போகும் கட்டளையையே நிறுத்துகிற மருந்துகள் உண்டு. எலும்பு தேயக்கூடும் என்பதால் பார்த்துத்தான் கொடுப்பார்கள். அந்த இழையத்தை வெட்டி எடுப்பதும் உண்டு.

"மூண்டு மாசம் குடிச்சும் வலி குறையேல்ல எண்டால்?"

"அதைத்தான் பிள்ளை டொக்டரிட்டச் சொல்லவேணும். எந்த நாள், எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் எண்டு எழுதிக்கொண்டு போ."

பின்பக்கத்தில் எழுதக் கலண்டர் தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன்.