புரிந்தும் படிக்க உட்கார முடியாதவர்கள்

வகுப்பில் கேள்வி கேட்டால் சட்டென்று பதில் சொல்வார். நண்பர்களுக்குப் பாடமும் சொல்லித் தருவார். ஆனால் அவருடைய அசைன்மென்ட் மட்டும் கடைசித் தேதி கடந்தும் பாதியில் கிடக்கும். அரியர் ஏறிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட மாணவரைச் சோம்பேறி என்று சொல்லிவிடுவது எளிது. இவர்களில் சிலருக்கு இருப்பது ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு.

ஓரிடத்தில் நில்லாமல் ஓடும் சிறுவனின் பிரச்சினையாகவே இது நீண்ட காலம் பார்க்கப்பட்டது. வயது ஏற ஏற உடலின் ஓட்டம் அடங்கினாலும், பலருக்குக் கவனச் சிதறல் அடங்குவதில்லை. சிறுவயதில் ஓடியாடாமல், ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருந்த பெண் குழந்தைகள் பலர் கண்டறியப்படாமலே கல்லூரிக்கு வந்துவிடுகிறார்கள்.

விரிவுரையில் குறிப்பெடுப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். கேட்ட வாக்கியத்தை மனத்தில் நிறுத்தி, சுருக்கி, எழுதிக்கொண்டே அடுத்ததையும் கேட்க வேண்டும். இதற்கு உதவும் செயல்படு நினைவாற்றல் ஏ.டி.எச்.டி. உள்ள பலருக்குச் சற்றுக் குறைவு. ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் மூன்று வரிகள் போயிருக்கும். வாசிக்கும்போதும் அப்படித்தான்: கண்கள் பக்கத்தின் அடிக்கு வந்திருக்கும், மனத்தில் எதுவும் தங்கியிருக்காது. மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், காலம். எதற்காக உழைக்க வேண்டும் என்பதை மூளைக்கு உணர்த்துவதில் டோபமைனுக்குப் பங்கு உண்டு. அந்த அமைப்பு வேறுவிதமாக இயங்கும்போது, மூன்று மாதம் கழித்து வரும் தேர்வு எந்த அவசரத்தையும் தருவதில்லை. முந்தைய இரவுதான் அது உறைக்கிறது. என்ன செய்ய வேண்டும் என்று தெரியாததல்ல, தெரிந்ததை உரிய நேரத்தில் செய்ய முடியாததே இக்கோளாறின் மையம் என்று அமெரிக்க உளவியலாளர் ரஸ்ஸல் பார்க்லி வலியுறுத்திவருகிறார்.

பள்ளியில் உரிய நேரத்தில் செய்யவைக்கும் வேலையை மற்றவர்கள் செய்தார்கள். அம்மா எழுப்பினார், டியூஷன் ஆசிரியர் தினமும் டெஸ்ட் வைத்தார். கல்லூரி இந்த முட்டுக்கொடுப்பை ஒரே நாளில் எடுத்துவிடுகிறது. புத்திசாலித்தனத்தாலும் கடைசி இரவுப் படிப்பாலும் சமாளித்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே தடுமாறுவது இதனால்தான்.

ஆர்தர் அனஸ்டோபுலஸ், ஜார்ஜ் டுபால், லிசா வெயான்ட் ஆகியோர் அமெரிக்காவில் 456 கல்லூரி மாணவர்களை நான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். ஏ.டி.எச்.டி. உள்ளவர்களின் சராசரி மதிப்பெண் ஏறக்குறைய பாதி கிரேடு குறைவாக இருந்தது. எட்டு செமஸ்டர்களும் தொடர்ந்து படித்தவர்கள் அவர்களில் 49 சதவீதம். மற்றவர்களில் 59 சதவீதம். திட்டமிடும் திறனும் மனச்சோர்வும் இந்த முடிவுகளோடு தொடர்புடையவையாக இருந்தன. சோம்பேறி என்ற பட்டத்தை ஆண்டுக்கணக்கில் கேட்டு, தானும் அதை நம்பிவிடும் ஒருவரை மனச்சோர்வு தொற்றுவதில் எனக்கு வியப்பில்லை.

கவனம் சிதறும் எல்லாருக்கும் இக்கோளாறு இருப்பதாக எண்ணிவிடக் கூடாது. தூக்கமின்மையும் பதற்றமும்கூடக் கவனத்தைக் குலைக்கும். பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்தனவா என்று மனநல மருத்துவர் விசாரிப்பார். முடிந்தால் பெற்றோரிடமும் கேட்பார். மீத்தைல்பெனிடேட் போன்ற மருந்துகள் பலருக்கு நன்கு உதவுகின்றன. ஆனால் தேர்வு நேரத்தில் நண்பரிடம் வாங்கி விழுங்கும் மாத்திரை அல்ல அது. மீத்தைல்பெனிடேட் இந்தியாவில் கடும் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து.

மாத்திரை கவனத்தைத் திருத்தலாம். அட்டவணை போடக் கற்றுத்தராது. அனஸ்டோபுலஸ் குழு வாராந்திரக் குழுப் பயிற்சியையும் தனி வழிகாட்டியையும் சேர்த்து வழங்கியபோது, மாணவர்களின் அறிகுறிகள் குறைந்தன, திட்டமிடுதல் மேம்பட்டது.

நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ‘குறிப்பிட்ட கற்றல் குறைபாடு’ இடம்பெற்றிருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இடம்பெறவில்லை. இது மாற வேண்டும். அதற்குக் காத்திராமல் ஒரு பேராசிரியர் இன்றே செய்யக்கூடியதும் உண்டு: செமஸ்டர் இறுதியில் கேட்கும் புராஜெக்ட்டை மூன்றாகப் பிரித்து, மூன்று தேதிகளில் கேட்கலாம்.