டவரை ஏசுவதற்கு முன்: கணினிக்குள் இருக்கும் கணினி ஏன் இழுக்கிறது?

மாதக் கடைசி வந்தால் எங்கள் வீட்டில் ஒருவரும் உரத்துப் பேசுவதில்லை. கொழும்பு நிறுவனம் ஒன்றுக்கு எலுவன்குளத்தில் இருந்தபடியே கணக்கு வேலை செய்யும் என் மருமகள், அன்றிரவுக்குள் எல்லாக் கோப்புகளையும் அனுப்பி முடிக்க வேண்டும். தொடர்ந்து இரண்டு மாதங்கள் அது முடியவில்லை. பாதி ஏறிய கோப்பு அப்படியே நின்றுவிடும். மூன்றாவது மாதமும் பிந்தினால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

"மாமா, இங்க டவர் சரியில்ல. கொழும்புக்குப் போய் ரூம் எடுக்கிறதுதான் வழி" என்றாள். அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போனால் அந்தச் சம்பளத்தில் வீட்டுக்கு எதுவும் மிஞ்சாது. போவதற்கு முன் ஒருமுறை அளந்து பார்ப்போம் என்றேன்.

அவள் வேலை செய்வது மெய்நிகர் இயந்திரம் ஒன்றில், அதாவது வேர்ச்சுவல் மெஷினில். மடிக்கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கப்பட்ட இன்னொரு கணினி அது. நிறுவனத்தின் மென்பொருளும் தரவுகளும் சொந்தப் பாவனையோடு கலந்துவிடாமல் இருக்க இப்படிச் செய்கிறார்கள். இந்த யோசனை புதியதல்ல. ஐபிஎம் நிறுவனம் 1972இலேயே தன் பெரிய கணினிகளுக்கு விஎம்/370 என்ற அமைப்பை அறிவித்திருந்தது.

உள்ளே இருக்கும் இந்தக் கணினிக்கு வலையமைப்பு அட்டை உண்மையில் கிடையாது. இருப்பதுபோல் மென்பொருள் காட்டுகிறது. அங்கிருந்து புறப்படும் தரவு முதலில் வெளிக்கணினியின் கையில் போய், பிறகு ரவுட்டருக்கும் டவருக்கும் போகிறது. எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளக்குவது இலகு. புத்தளத்திலிருந்து வரும் பழைய மன்னார் வீதி, இங்கே கலா ஓயாவைக் கடந்து வில்பத்துக் காட்டுக்குள் போகிறது. ஆறு பெருகினால் சப்பாத்துப் பாலத்தின் மேலால் வெள்ளம் பாயும். இரு பக்கமும் வீதி நன்றாகவே இருந்தாலும் வாகனம் போகாது. ஆகவே "லைன் ஸ்லோ" என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. எந்த இடத்தில் தடை என்று தெரிய வேண்டும்.

முதல் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். மெய்நிகர் இயந்திரத்தை முழுதாக மூடிவிட்டு, வெளிக்கணினியில் இணைய வேகத்தை அளந்தோம். பிறகு அதைத் திறந்து, அதே இடத்தில், அதே நேரத்தில், அதற்குள்ளிருந்து அளந்தோம். வெளியே 18 மெகாபிட், உள்ளே 2. டவர் குற்றவாளி இல்லை என்பது அப்போதே தெரிந்தது. இரண்டும் ஒரே அளவு குறைவாக இருந்திருந்தால், மெய்நிகர் இயந்திரத்தைத் தொடவே தேவையில்லை.

அடுத்த சோதனை வீட்டை விட்டு வெளியே போகாதது. ஐபெர்ஃப் 3 என்ற இலவசக் கருவியை இரு பக்கமும் ஓடவிட்டு, உள்கணினிக்கும் வெளிக்கணினிக்கும் இடையிலான வேகத்தைப் பார்த்தோம். இணையமே சம்பந்தப்படாத இந்தப் பாதையும் இழுத்தது. அந்த நேரம் செயலியின் பாவனை 100 சதவீதத்தில் நின்றது.

காரணம் நாங்களே செய்த வேலை. வேகமாக ஓடட்டும் என்று, மடிக்கணினியில் இருந்த 4 கோர்களையும் 8 ஜிபி நினைவகத்தில் 6 ஜிபியையும் உள்ளே இருப்பதற்கே கொடுத்திருந்தோம். ஆனால் உள்ளேயிருந்து வரும் தரவை வாங்கி வெளியே அனுப்புவது வெளிக்கணினி. அதற்கு மூச்சு விட இடமில்லை. 2 கோர், 4 ஜிபி என்று குறைத்தோம். உள்ளே வேகம் 15 மெகாபிட்டுக்கு ஏறியது.

அப்படியும் பெரிய கோப்புகள் நின்றன. சின்ன மின்னஞ்சல் போகிறது, பெரிய இணைப்பு போகவில்லை என்றால் சந்தேகிக்க வேண்டியது பொதியின் அளவை. வழமையான வலையமைப்பில் ஒரு பொதி அதிகபட்சம் 1500 பைட். விபிஎன் வழியாகப் போகும்போது ஒவ்வொரு பொதியின் மேலும் இன்னொரு உறை ஏறுகிறது. உறையோடு சேர்ந்து அளவு மிஞ்சினால் வழியில் எங்கோ அது கைவிடப்படலாம். அனுப்பியவருக்கு அந்தச் செய்தி வராவிட்டால், அதே பொதியைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். உயரம் குறைந்த பாலத்தில் மோட்டார் சைக்கிள் போகும், லொறி நிற்கும்.

இதற்குப் பிங் போதும். பொதியைத் துண்டாக்காதே என்ற கட்டளையோடு, விபிஎன் வழியாக அலுவலகச் சேர்வருக்கு அளவைக் குறைத்துக் குறைத்து அனுப்பினோம். 1352 பைட்டில் பதில் வந்தது. தலைப்புப் பகுதிக்கு 28 சேர்த்தால் 1380. நிறுவனத்தின் தொழில்நுட்பப் பிரிவிடம் கேட்டு, விபிஎன்னின் எம்டியு அளவை 1380 ஆக மாற்றினாள். அன்றிரவு கோப்புகள் நிற்காமல் ஏறின.

உங்கள் சிக்கல் இதுவாகவே இருக்க வேண்டும் என்றில்லை. மெய்நிகர் அட்டையின் வகையைப் பாருங்கள். பழைய இன்டெல் அட்டை ஒன்றைப் போல நடிக்கும் வகையை விட, மெய்நிகர் இயந்திரத்துக்கென்றே எழுதப்பட்ட வேர்ட்ஐஓ, விஎம்எக்ஸ்நெட் 3 போன்றவை செயலிக்குக் குறைந்த சுமை தரும். வைஃபையில் இருந்துகொண்டு 'பிரிட்ஜ்' முறையைத் தெரிவு செய்திருந்தால் 'நெட்' முறைக்கு மாற்றிப் பாருங்கள். ஒரே வைஃபை இணைப்பில் இரண்டு கணினி முகவரிகள் வருவதைச் சில ரவுட்டர்கள் ஏற்பதில்லை. வேர்ச்சுவல் பாக்ஸ் பாவிப்போர், சாளரத்தின் கீழ் ஓரத்தில் பச்சை ஆமை தெரிகிறதா என்றும் கவனியுங்கள். விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்பதால் மெதுவாக ஓடுகிறேன் என்பதற்கான அடையாளம் அது. ஆனால் அதை நிறுத்தினால் விண்டோஸின் சில பாதுகாப்பு வசதிகளும் நின்றுவிடும். யோசித்துச் செய்யுங்கள்.

பெரிய சேர்வர் அறைகளும் இதற்குத் தப்பவில்லை. விண்டோஸ் சேர்வர் 2012 காலத்தில், ப்ரோட்கொம் நெட்எக்ஸ்ட்ரீம் 1 கிகாபிட் அட்டை பூட்டிய ஹைப்பர்-வி சேர்வர்களில் மெய்நிகர் இயந்திரங்களின் வலையமைப்பு மட்டும் இழுத்தது. வேகத்தைக் கூட்டுவதற்கென்று வந்த விஎம்கியூ என்ற வசதியே காரணம். அதை நிறுத்தும்படி, அல்லது டிரைவரைப் புதுப்பிக்கும்படி மைக்ரோசொஃப்ட் அறிவித்தது.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அளந்து, கொப்பியில் எழுதி வையுங்கள். ஐந்தை ஒன்றாக மாற்றினால், எது சரிசெய்தது என்பதும் தெரியாது, எது கெடுத்தது என்பதும் தெரியாது.

மருமகள் கொழும்புக்குப் போகவில்லை. மாரி காலத்தில் சில இரவுகளில் இங்கே இணைப்பு உண்மையிலேயே படுத்துவிடும். அதற்கு எந்த அமைப்பை மாற்றியும் பயனில்லை, சேவை வழங்குநர்தான் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இப்போது முறையிடும்போது, "ஸ்லோவா இருக்கு" என்று மட்டும் அவள் சொல்வதில்லை. திகதியும் நேரமும் மெகாபிட் கணக்கும் எழுதிய கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசுகிறாள்.